தகட்டுக்கு உரியவன்

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ டிரினிடாட் தீவுக்குக் கப்பல் சீட்டு வாங்கியிருக்கிறாய். உன் மனைவிக்குத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியும். மிங்கலா தாங்ஞுன்ட் மார்க்கெட்டில் டீக்கடை வைத்திருக்கும் காசிமுக்குக்கூடத் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாது. இது தவறு. வயதானவன் புலம்புகிறான் என்று இதை ஒதுக்கிவிடாதே. தவறு என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரைக்கும் அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். போன வாரம் காசிம் கடையில் உட்கார்ந்திருந்தேன். டீயை வைத்துவிட்டு, தம்பிக்கு, உனக்குத்தான், கம்பளிக் கோட்டு வாங்கியாச்சா என்று கேட்டான். ரங்கூனில் எவனுக்கு எதற்குக் கம்பளிக் கோட்டு என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. சுத்தமாக இருந்த மேஜையை மறுபடியும் துடைத்தான். "அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் கேக்கல" என்றான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் முழுதும் சொல்லி முடிக்கும் வரை அந்தப் பெஞ்சியிலேயே இருந்தேன். என் டீயில் ஆடை கட்டிவிட்டது.

நேரில் வந்து கேட்டிருக்கலாம். பசுந்தாங்கிலிருந்து கியாக்டடாவுக்கு டிராமில் ஏறினால் உன் வீட்டு வாசலில் இறங்கலாம். வந்தால் நான் சத்தம் போடுவேன். நீ பேசாமல் இருப்பாய். உன் பேசாமையை என்னால் தாங்க முடியாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. துறைமுகத்தில் அரிசி மூட்டைகளின் மேல் அச்சடித்த எழுத்தைப் பார்த்தும், சாமான் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளைத் தடவித் தடவியும் நானாகக் கற்றுக்கொண்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை நான் பசை போட்டு ஒட்டப் போவதில்லை. உன் மனைவி படிக்கட்டும், உன் அம்மா கேட்கட்டும்.

போகாதே என்று எழுதினால் நீ போவாய். உன்னை எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ என்னைப் போல. ஆகவே போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாதி காசிம் சொன்னது. அவன் பல வருடம் கப்பலில் சமையல்காரனாக இருந்து, அந்தத் தீவில் இரண்டு முறை இறங்கினவன். மீதி நான் துறையில் மாலுமிகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. இதைச் சேர்க்க எனக்கு ஒரு வாரம் ஆகவில்லை. இருபது வருடம் ஆயிற்று. அந்தத் தீவைப் பற்றி நான் ஏன் இருபது வருடமாக விசாரித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போதே கேட்காதே.

முதலில் காலம். தை பிறந்து சித்திரை முடியும் வரை அங்கே மழை குறைவு. ஆனியில் பிடித்தால் கார்த்திகை தாண்டியும் விடாதாம். நீ வாங்கியிருக்கும் சீட்டுப்படி மாசியில் இறங்குவாய், அது நல்லது. பெரும்புயல் எல்லாம் அந்தத் தீவுக்கு வடக்கே போய்விடும் என்று காசிம் தைரியம் சொல்கிறான். புயலுக்கு வழி தெரியும் என்று இவனுக்கு யார் சொன்னது? வானம் மஞ்சளித்தால் ஓடு வேய்ந்த கட்டடத்துக்குள் போ. வழியில் இங்கிலாந்தில் கப்பல் மாற வேண்டும். அங்கே குளிர் எலும்பில் ஏறும், அந்தக் கம்பளிக் கோட்டை வாங்கு. அட்லாண்டிக் கடல் நம் வங்கக் கடல் மாதிரி இல்லை, மலை மலையாக எழும் என்கிறார்கள். இஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும் கையோடு இருக்கட்டும். உன் அம்மா நாப்பி மீன் விழுதை வறுத்து ஜாடியில் கொடுப்பாள். வேண்டாம் என்று சொல்லிவிடு. சுங்கத்தில் ஜாடியைத் திறந்தால் அந்த நாற்றத்துக்கு உன்னைப் பிடித்து வைத்துவிடுவார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிடித்து வைக்க அவர்களுக்குச் சின்னக் காரணம் போதும்.

அம்மை குத்தின சான்றிதழைப் பெட்டிக்குள் வைக்காதே, உடம்போடு வை. அது இல்லாவிட்டால் கரைக்குப் பக்கத்திலிருக்கும் சின்னத் தீவில் இறக்கி நாள் கணக்கில் அடைத்துவிடுவார்களாம். பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆழம் போதாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் இறக்குவார்கள். படகுக்காரர்கள் நாலு பக்கமிருந்தும் வந்து ஆளுக்கொரு பெட்டியை இழுப்பார்கள். உன் பெட்டிகள் எல்லாவற்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண் போடு. கப்பலில் ஒரு தடவை எண்ணு, படகில் ஒரு தடவை, கரையில் ஒரு தடவை. வாழ்நாள் முழுவதும் துறையில் மூட்டை எண்ணினவன் சொல்கிறேன், பொருள் தொலைவது கை மாறும் இடத்தில்தான். மனிதனும் அங்கேதான் தொலைகிறான்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரையைக் கசப்பு என்று துப்பாதே. கொசுவலை இல்லாத இடத்தில் தங்காதே. மரவள்ளியில் கசப்பு வகை ஒன்று உண்டு, அதை வேகாமல் தின்றால் விஷம். கடற்கரையில் ஒரு மரம் இருக்கிறதாம். பச்சையாகச் சின்னச் சின்னப் பழம், பார்க்க அழகு, வாயில் வைத்தால் முதலில் இனிப்பு. பிறகு தொண்டை வெந்துவிடும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டே தோல் கொப்புளிக்குமாம். பெயர் தெரியாத எந்த மரத்தின் கீழேயும் நிற்காதே. தெற்கே ஒரு ஏரி முழுக்கத் தார். எல்லோரும் பார்க்கப் போவார்கள், நீயும் போவாய். ஆள் துணை இல்லாமல் அதில் கால் வைக்காதே. ஒரே இடத்தில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் இறங்கும். நடந்துகொண்டே இருக்க வேண்டும். வடக்குக் கடற்கரையில் குளிக்காதே. அலை பார்க்கச் சாதுவாக இருக்கும், அடியில் இழுக்கும்.

ஊர் மனிதர்களிடம் மரியாதை வேண்டும். காசிம் முதல் தடவை இறங்கினபோது சந்தையில் ஒரு கறுப்பு அம்மாளிடம் போய் நேராக எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து விலை கேட்டானாம். அவள் அடுத்த ஆளைக் கவனித்தாள். கூட்டம் போய்க் கூட்டம் வருகிறது, இவன் மட்டும் நிற்கிறான். "நான் என்ன உன் வீட்டு வேலைக்காரியா, குட்மார்னிங் சொல்ல வாய் வரலியான்னு கேட்டுட்டா அண்ணே. சொன்னதுக்கப்புறம் எலுமிச்சைக்கு மேல ஒரு மாம்பழம் வச்சுக் கொடுத்தா" என்றான். கடையோ ஆபீஸோ, முதலில் வணக்கம், பிறகுதான் காரியம். தமிழ் பேச ஆள் கிடைப்பார்கள் என்று எண்ணாதே. நம் ஆட்கள் அங்கே கொஞ்சம் பேர்தான், மதராசிகள் என்று தனியாகச் சொல்வார்களாம். அவர்களின் பிள்ளைகளுக்கும் தமிழ் போய்விட்டதாம்.

கால்சட்டை, கோட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கு. நீ துரை மாதிரி உடுப்பதை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அங்கே மட்டும் அப்படியே உடுத்து. முன்பெல்லாம் தோட்டத்தை விட்டு வெளியே வந்த இந்தியனைப் பாதையில் நிறுத்திச் சீட்டுக் கேட்பார்களாம். சீட்டு இல்லாதவனை அடைப்பார்களாம். ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்துவிட்டது, இப்போது யாரும் கேட்பதில்லை என்று பத்திரிகையில் படித்தேன். பத்திரிகையை நம்புகிறேன். வாசலில் நிற்கும் காவல்காரனை நம்பவில்லை. திரும்பி வரும் சீட்டை இங்கேயே வாங்கு. உன் தாள்களை யாருக்கும் ஒரு நிமிஷம்கூடக் கொடுத்து வைக்காதே. இலவசமாகச் சோறு போடும் இடத்தில் சாப்பிடாதே, கோயிலாக இருந்தாலும் சரி. நீ போகிற மாதம் அங்கே ஆட்டமும் வேஷமும் பெரிய திருவிழாவாக நடக்குமாம். போகிற வருகிறவர்கள் கழுத்தில் மணிமாலை போடுவார்களாம். கழுத்தில் யார் எதைப் போட்டாலும் கழற்றிவிடு.

இவ்வளவையும் எழுதி முடித்து ஞாயிற்றுக்கிழமை உன் மனைவியை வரச்சொன்னேன். உன்னிடம் கொடுக்கச் சொல்லி நீட்டினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். என் மருமகள் என்னை எதிர்த்துப் பேசினது கிடையாது. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? அவர் அங்கேயே தங்கிடுவாருன்னு பயப்படுறீங்களா, இல்ல எதையாவது தெரிஞ்சுக்கிட்டு வந்துருவாருன்னு பயப்படுறீங்களா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்தத் தீவிலிருந்து உன் ஆபீஸ் விலாசத்துக்கு வந்த கடிதம். நான்கு வரி. யாரோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நீ பக்கத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறாய். அண்ணன் சுகமா. அவர் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வருவதானால் வெயில் மாதத்தில் வா. ரயிலடிக்கு நானே வருகிறேன். அதற்குக் கீழே ஒரு பெருவிரல் ரேகை. ரேகைக்குக் கீழே என் பெயர். என் அப்பா பெயரோடு, நம் ஊர்ப் பெயரோடு, என் பெயர்.

உனக்குக் காசிம் சொல்லியிருப்பான், அந்தத் தீவில் உன் அப்பா பெயரும் ஊரும் உள்ள ஒரு தமிழன் கரும்பு ஊரில் சின்னக் கடை வைத்திருக்கிறான், கூப்பிட்டுச் சோறு போட்டான் என்று. அதை அவன் முதலில் என்னிடம்தான் சொன்னான். அந்தப் பெயர் ஆயிரம் பேருக்கு உண்டு என்று பேச்சை மாற்றினேன். பிறகுதான் அவன் உன்னிடம் சொன்னான், நீ எனக்குத் தெரியாமல் எழுதிப் போட்டாய். அது என் தம்பி மாணிக்கம் என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். அவன் ஏன் என் பெயரில் இருக்கிறான் என்று மட்டும் உனக்குத் தெரியாது. அதை அவன் வாயால் நீ கேட்பதற்கு முன் என் கையால் படித்துவிடு.

உனக்கு அப்போது மூன்று வயது. ஊரில் உன் அம்மாவிடம் இருந்தாய். மாணிக்கத்துக்குப் பதினேழு. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வரைக்கும் ஓடுவான். நானும் அவனும் ரங்கூன் கப்பலுக்காகச் சென்னைக்கு வந்தோம். கப்பல் நாலு நாள் தாமதம். கட்டிக்கொண்டு வந்த சோறு இரண்டாம் நாள் புளித்துவிட்டது. கடலோரத்தில் டிரினிடாட் தீவுக்குக் கூலி ஆள் எடுக்கும் டிப்போ ஒன்று இருந்தது. உள்ளே போய்ப் பெயரைப் பதிந்தால் ஒரு தகரத் தகட்டில் எண் அடித்துக் கழுத்தில் மாட்டுவார்கள். தகடு போட்டவனுக்குச் சோறு, குழம்பு, கருவாடு. டாக்டர் பார்க்கும் நேரம் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் விரட்டிவிடுவார்கள். ரங்கூன் கப்பலுக்குக் காத்திருந்த எங்கள் ஆட்கள் பலரும் இந்த வேலையைச் செய்தார்கள். நானும் செய்தேன். என் பெயரைக் கொடுத்தேன், தின்றேன், சுருண்டேன், வெளியே வந்தேன். தகட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்க மறந்தார்கள், நான் இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

மறுநாள் அந்தத் தகட்டை மாணிக்கத்தின் கழுத்தில் மாட்டினேன். "புதுசாப் பதிய வேண்டாம்டா. இதக் காட்டினா நேரா சோத்துக்கு விட்ருவாங்க. பேரு கேட்டா என் பேரச் சொல்லு" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நீங்க யாரு அண்ணே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். அன்றைக்கு டாக்டர் வரவில்லை. வாசலை அடைத்துவிட்டார்கள். மறுநாள் அதிகாலையில் டாக்டர் பார்த்து, தேறினவன் என்று எழுதிவிட்டார். பதினேழு வயது உடம்பு, சுருண்டாலும் யார் நம்புவார்கள்.

நான் விடிந்ததும் வாசலில் போய் நின்றேன். காவல்காரன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், என் வயதுதான். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவன் உள்ளே போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "எனக்குத் தல எண்ணிக்கை சரியா இருக்கணும். அந்தத் தகடு யாருதோ அவன் வந்து உள்ள நின்னா, இந்தப் பையன விட்டுர்றேன்" என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுக்குத் தெரிந்திருந்தது. வாசல் திறந்திருந்தது. நான் இரண்டு அடி வைத்தால் போதும்.

நான் வைக்கவில்லை. தகட்டுக்காரனைத் தேடி அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மத்தியானம் ரங்கூன் கப்பலுக்கு மணி அடித்தார்கள். ஏறிவிட்டேன். ஊரில் உனக்கும் உன் அம்மாவுக்கும் நான்தான் கதி என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் என் கால் நகராததற்கு அது காரணமும் இல்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான். ஊருக்கு எழுதும்போது, மாணிக்கம் அதிகக் கூலிக்கு ஆசைப்பட்டு என் பேச்சைக் கேட்காமல் வேறு கப்பலில் போய்விட்டான் என்று எழுதச் சொன்னேன். என் அம்மா அதை நம்பித்தான் செத்தாள். உன் அம்மா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காவல்காரன் உள்ளே போய், உன் அண்ணன் வந்தான், இப்படிச் சொன்னேன், திரும்பிப் போய்விட்டான் என்று மாணிக்கத்திடம் சொன்னானா? இருபது வருடமாக இதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிடுமோ என்றும் பயம். அவர் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று மாணிக்கம் எழுதியிருக்கிறான். அதை எத்தனை தடவை படித்தாலும் பாசமா பழியா என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் என்று என் பெயர் இருக்கிறது. அந்தத் தீவின் கூலிப் புத்தகத்தில் அதே பெயர், அதே ஊர் இருக்கிறது. எவனாவது இரண்டையும் சேர்த்து வைத்து, நீ கூலிக்காரன் மகன், இங்கேயே இரு என்று சொல்லிவிடுவானோ என்று எண்ணித்தான் சீட்டைப் பற்றியும் தாள்களைப் பற்றியும் அவ்வளவு எழுதினேன். சட்டம் அப்படி இல்லை என்று நீ சொல்வாய். மாணிக்கம் சோறு தின்னப் போனபோதும் சட்டம் அப்படி இல்லை.

இனி செய்ய வேண்டியது இருக்கிறது. உன் மனைவி இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு உரக்கப் படிக்க வேண்டும். நான் வீட்டில் இருக்கும்போதே படிக்க வேண்டும், நான் எழுந்து போகமாட்டேன். உன் அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசுவதா இல்லையா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் நீ தலையிடாதே. காசிம் இனிமேல் என்னைப் பார்த்து மேஜையைத் துடைக்க வேண்டாம், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் நாளைக்கு ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டு முன்னால் போக வேண்டும். அந்தத் தீவில் என் பெயரில் இருப்பவன் என் தம்பி மாணிக்கம், தகடு என்னுடையது, அதை மாட்டினவன் நான் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை உன் தாள்களோடு நீ எடுத்துப் போக வேண்டும்.

நீ இறங்கும் இடத்தில் உன் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். கேட்டால் ஒழிய என் பெயரைச் சொல்லாதே. ரயிலடியில் அவனைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அந்த ஊரில் எல்லோரும் என் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவார்கள். ஒருவராவது மாணிக்கம் என்று கூப்பிட வேண்டும். சித்தப்பா என்று சொல்லிவிட்டு அந்தப் பெயரையும் சொல். அவன் வீட்டில் சோறு போட்டால் சாப்பிடு. அந்த ஒரு வீட்டில் சாப்பிடலாம்.

அவன் தன் பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்வதோ என் பெயரையே வைத்துக்கொள்வதோ அவன் இஷ்டம். அவன் என்னைத் திட்டினால் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்து அப்படியே என்னிடம் சொல்ல வேண்டும், ஒரு சொல் குறைக்காதே. அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மழை பிடிக்கும் முன் திரும்பி வர வைகாசிக் கப்பலில் உன்னை ஏற்றிவிட வேண்டும். அப்படி ஏற்றாமல், தகட்டுக்கு உரியவன் வந்து நிற்கட்டும், அப்புறம் பையனை விடுகிறேன் என்று அவன் சொன்னால், நீ அவனோடு வழக்காடாதே. எனக்குத் தந்தி அடி. இந்தத் தடவை நான் உள்ளே வருகிறேன்.